மிரண்ட மாட்டை மறுபடி ஏருக்குப் பழக்குவது எப்படி?



"தம்பி, நீ வாங்கிட்டு வந்தது மாடு இல்லே, வம்பு" என்றார் பக்கத்து வயல் பெரியவர். போன மாசியில் மயிலையை வண்டியிலிருந்து இறக்கிய அன்று சொன்ன வார்த்தை. இறக்கும்போதே வண்டியின் பின்கதவை உதைச்சுது. கயிற்றை என் கையிலிருந்து உருவிக்கிட்டு ரெண்டு வரப்பு தாண்டி ஓடி, வாய்க்காலுக்குள்ளே போய் நின்னுது. என் உள்ளங்கைத் தோல் உரிஞ்சு போச்சு.

ஆவணியில் அதே மயிலை எங்க நாற்றங்காலை உழுதது. நடுவில் ஆறு மாசம். அந்த ஆறு மாசத்தில் என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்று வரிசையாக எழுதுகிறேன். கெட்டுப்போன மாடு என்று பெயர் வாங்கிய மாட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்கும், புதுசாக ஏர் மாடு வாங்க நினைக்கிறவர்களுக்கும் பயன்படும்.

ஏன் மாட்டை விட முடியவில்லை?

எங்க ஊர் தருமபுரம், காரைக்காலை ஒட்டி இருக்கு. நிர்வாகத்துக்கு நாங்க புதுச்சேரி. மண்ணுக்கும் தண்ணிக்கும் காவிரிக் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ல் அணை திறந்தாலும் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேரும்போது மற்றவங்க வயலெல்லாம் பச்சையாயிருக்கும். வந்த தண்ணியும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. தண்ணி நிக்கிற அந்த நாலு நாளில் நாற்றங்கால் உழுது விதைச்சாகணும். அதே நாலு நாளில்தான் எல்லாரும் டிராக்டருக்கு அலைவாங்க. விதைப்பு பிந்தினால் நடவு பிந்தும். நடவு பிந்தினால் ஐப்பசி மழை இளம் பயிரை மூழ்கடிச்சிடும். கடைமடையில் சம்பா தப்புறதும் தப்பாததும் இந்தக் கணக்கில்தான் இருக்கு.

எனக்கு 3 ஏக்கர், அதுவும் சின்னச் சின்னத் துண்டு. களிமண். ஈரத்தில் டிராக்டர் இறங்கினால் புதையும், வரப்பும் உடையும். அதனால் ஒரு ஜோடி மாட்டை விடாமல் வைத்திருந்தேன். அதில் ஒன்று கார்த்திகையில் செத்துப்போச்சு. மிஞ்சியது காரி மட்டும். வயசான மாடு, சாதுவான மாடு. அதுக்கு ஜோடி தேடித்தான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய் மயிலையை வாங்கினேன். விலை குறைவாக இருந்தது. ஏன் குறைவு என்று கேட்காமல் வாங்கியது என் முதல் தப்பு.

ஒரே வாரத்தில் அடிமாட்டு வியாபாரி வாசலுக்கு வந்துட்டார். வீட்டிலும் அதே பேச்சு. "என்னங்க, புள்ளைங்க நடமாடுற இடம். கொடுத்துட்டு வேற பாருங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. மயிலைக்கு ஆறு பல். இன்னும் எட்டுப் பத்து வருஷம் உழைக்கிற உடம்பு. அதை வெட்டுக்கு அனுப்ப மனசு வரலை. ஆவணி வரைக்கும் தவணை கேட்டேன்.

உம்பளாச்சேரி மாட்டின் தன்மை

மயிலை உம்பளாச்சேரி இனம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கத்தில் இருக்கிற உம்பளாச்சேரி என்ற ஊரின் பெயரால் வந்த இனம் இது. கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். நெற்றியிலும் காலிலும் வால் நுனியிலும் வெள்ளை இருக்கும். ஆறேழு மாசத்தில் சிவப்பு போய்ச் சாம்பல் நிறம் ஏறும். உயரம் குறைவு, கால் குட்டை, சேற்றில் நடை வேகம். டெல்டாவின் சேற்று உழவுக்கென்றே நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த மாடு. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கொருக்கையில் இருக்கிற அரசு கால்நடைப் பண்ணை இந்த இனத்தைப் பாதுகாத்து வருது.

வேகமான மாடு என்றால் உணர்ச்சியும் வேகம். சட்டென்று புரிஞ்சுக்கும், சட்டென்று பயப்படும். ஏர் மாட்டுக்குக் கொம்பைத் தீய்ப்பதும் உடம்பில் சூடு போடுவதும் இந்த வட்டாரத்துப் பழைய பழக்கம். மொட்டை மாடு என்ற பெயரே அதனால் வந்ததுதான். யோசிச்சுப் பாருங்க, மனுஷன் கை என்றால் முதலில் சூடு என்றுதான் அந்தக் கன்றுக்குத் தெரியும். அதுக்கப்புறம் நல்ல கை கிடைச்சால் மறக்கும். மயிலைக்குக் கிடைக்கலை.

முதல் பாடம்: உடம்பைப் படிங்க

மாடு வாங்கும்போது நாம சுழி பார்ப்போம். சுழியில் பெரும்பாலும் நம்பிக்கைதான். ஆனால் நெற்றிச் சுழி பற்றி அமெரிக்காவில் ஒரு ஆய்வே நடந்திருக்கு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டினும் அவர் குழுவும் 1995-ல் வெளியிட்டது. நெற்றிச் சுழி கண் மட்டத்துக்கு மேலே இருக்கிற மாடுகள், கட்டி நிறுத்தும்போது அதிகம் பதறின என்று கண்டாங்க. சுழி சொல்வது பிறவிச் சுபாவத்தை மட்டும்தான். அந்த மாடு பட்டது என்ன என்பதை உடம்பின் மற்ற இடங்கள்தான் சொல்லும். மயிலையிடம் நான் படித்தது இது:

வால்: தடவிப் பார்த்தால் மூணு இடத்தில் முடிச்சு முடிச்சாக இருந்தது. வாலை முறுக்கி முறுக்கி ஓட்டியிருக்காங்க. எலும்பு விலகி அப்படியே கூடியிருக்கு.

பின்தொடை: பொட்டுப் பொட்டாகத் தழும்பு. ஆணி வைத்த தார்க்குச்சியின் வேலை.

மூக்கு: மூக்கணாங்கயிறு போட்ட துளை நீளமாகக் கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்திருந்தது.

கழுத்து: நுகத்தடி உட்காரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆறாத புண்.

குளம்பு: பின்னங்காலில் ஒன்று வெடிச்சிருந்தது.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைச்சது. கழுத்தில் பச்சைப் புண்ணோடு நுகத்தடியைத் தூக்கி வச்சால் எந்த மாடு நிக்கும்? நாம அதுக்கு முரட்டு மாடு என்று பெயர் வச்சிடுறோம். கால்நடை மருத்துவரை அழைச்சுக் காட்டினேன். குளம்பைச் சீவி, குடல்புழுவுக்கு மருந்து கொடுத்து, புண்ணுக்கும் மருந்து சொன்னார். அதோடு தினமும் வேப்பிலை கொதிக்க வச்ச தண்ணியை ஆறவைத்துக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். புண் முழுசாக மூட ஏழு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் கழுத்துப் பக்கம் மரமோ கயிறோ போகக் கூடாது என்று முடிவு பண்ணினேன். வலி இருக்கிற வரைக்கும் பழக்கம் என்ற பேச்சே எடுக்காதீங்க.

இரண்டாம் பாடம்: மாட்டின் கண்ணால் பாருங்க

மாட்டுக்குக் கண் ரெண்டும் தலையின் பக்கவாட்டில் இருக்கு. அதனால் தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட எல்லாத் திசையும் அதுக்குத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கேயிருந்து யார் வந்தாலும் அதுக்குப் புலி வந்த மாதிரிதான். தார்க்குச்சி குத்து வாங்கிய மாட்டுக்குக் கேட்கவே வேண்டாம். குத்து எப்பவும் அந்தத் தெரியாத இடத்திலிருந்துதான் வந்திருக்கு. காதும் நம்ம காதை விடக் கூர்மை. கீச்சென்ற சத்தம் நம்மை விட அதுக்கு அதிகமாக உறைக்கும். கத்தி ஓட்டினால் பயம்தான் கூடும்.

ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஒரு வட்டம் இருக்கு. அதுக்கு வெளியே நின்றால் மாடு நம்மைப் பார்க்கும், ஆனால் நகராது. உள்ளே காலெடுத்து வச்சால் விலகும். இதை மிரளும் வட்டம் என்று வச்சுக்கலாம். பழகிய மாட்டுக்கு வட்டமே கிடையாது, கையை வைக்கலாம். மயிலைக்கு இருபது அடி இருந்தது. தோள்பட்டைக்குப் பின்னால் நின்று அந்த வட்டத்துக்குள் போனால் மாடு முன்னால் நகரும். தோள்பட்டைக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும். ரெண்டே விஷயம். இதைப் புரிஞ்சுக்கிட்டால் குச்சி இல்லாமலேயே மாட்டை எந்தப் பக்கமும் நகர்த்தலாம்.

இன்னொன்று. மிரண்ட மாட்டின் இதயத் துடிப்பு பழைய நிலைக்கு வர 20 முதல் 30 நிமிஷம் ஆகும் என்று கிராண்டின் சொல்றார். மிரண்ட உடனே "ம்ம், நட" என்று இழுத்தால் அது எதையும் படிக்காது. அரை மணி நேரம் விடுங்க. நீங்களும் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

மூன்றாம் பாடம்: படிப்படியான பழக்கம்

படி 1. சும்மா உட்காருவது. முதல் ரெண்டு வாரம் நான் மயிலையைத் தொடவே இல்லை. மருந்து போடும் நேரம் மட்டும் விதிவிலக்கு. அதையும் என் தம்பி செய்தான். வலி கொடுக்கிற கையும் பழக்குற கையும் வேறாக இருக்கட்டும் என்று பெரியவர் சொன்ன யோசனை. காலையும் சாயங்காலமும் வட்டத்துக்கு வெளியே ஒரு மனைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து கயிறு திரிச்சுக்கிட்டு இருந்தேன். அதைப் பார்க்கக் கூட மாட்டேன். எழுந்து போகும்போது கவணையில் ஒரு பிடி அகத்திக்கீரை போட்டுட்டுப் போவேன். பத்தாம் நாள், நான் உட்கார்ந்திருக்கும்போதே அசைபோட ஆரம்பிச்சுது. மாடு அசைபோட்டால் மனசு இறங்கியிருக்குன்னு அர்த்தம்.

படி 2. நெருங்குவது, விலகுவது. வட்டத்தின் ஓரத்தில் ஒரு அடி உள்ளே வைப்பேன். மாடு தலையைத் தூக்கும். அப்படியே நிற்பேன். தலையை இறக்கினாலோ, காதைத் தளர்த்தினாலோ, பெருமூச்சு விட்டாலோ, அந்த நொடியில் நான் பின்வாங்குவேன். இதுதான் மொத்தப் பழக்கத்துக்கும் சாவி. மாட்டுக்குத் தேவை இடம். தான் அமைதியானால் இவன் விலகுறான் என்று அதுக்குத் தெரிஞ்சிட்டால், அமைதியாவது அதுக்கே லாபம். அது பதறி இழுக்கும்போது நீங்க விலகினால் தலைகீழ்ப் பாடம் படிக்கும். பதறினால்தான் விடுறான் என்று. எப்போ விலகுறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. மூணு வாரத்தில் இருபது அடி நாலு அடியாச்சு.

படி 3. தொடுவது. முதலில் தோள்பட்டை. தலையை நோக்கிக் கையை நீட்டாதீங்க, பின்பக்கத்திலிருந்தும் ஆரம்பிக்காதீங்க. தோளில் தேங்காய் நாரால் தேய்ச்சேன். அங்கேயிருந்து முதுகு, விலா, கழுத்து. வாலுக்கு வர ஒரு மாசம் ஆச்சு. இப்பவும் வாலைப் பிடிச்சால் உடம்பு விறைக்கும்.

படி 4. தலைக்கயிறு. கிழிந்த மூக்கில் மறுபடி மூக்கணாங்கயிறு இழுக்க மனசில்லை. பருத்திக் கயிற்றில் தலைக்கயிறு பின்னினேன். மெதுவாக இழுத்துப் பிடிப்பேன், ஆட்ட மாட்டேன். ஒரு காலை என் பக்கம் எடுத்து வச்சால் உடனே கயிறு தளர்ந்துடும். ஒரு அடிக்கு ஒரு விடுதல். அப்புறம் ரெண்டு அடிக்கு. அப்புறம் பத்து அடிக்கு. "ஹோ" என்றால் நிற்கணும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பழக்கிடணும். ஏரில் பூட்டிய பிறகு நிற்கக் கற்றுக்கொடுக்க முடியாது.

படி 5. பயப்படுற பொருள்கள். மயிலைக்குக் குச்சி, காத்தில் படபடக்கிற சாக்கு, பின்னால் வர்ற மோட்டார் சைக்கிள் மூணும் ஆகாது. குச்சியைக் கவணைக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டேன். தீனி தின்னணும்னா குச்சிக்குப் பக்கத்தில் வந்தாகணும். முதல் நாள் தின்னலை. ரெண்டாம் நாள் கழுத்தை நீட்டித் தின்னுது. ஒரு வாரத்தில் அந்தக் குச்சியிலேயே தாடையைச் சொறிஞ்சுது. சாக்கை ஐம்பது அடி தள்ளிக் கட்டி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தேன். ஒரேயடியாக முகத்துக்கு நேரே காட்டிப் பழக்குறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க.

படி 6. பாரம். புண் ஆறி, மயிர் முளைச்ச பிறகு, கழுத்தில் மடிச்ச கோணிச்சாக்கு. அப்புறம் அதன் மேல் லேசான மூங்கில். அப்புறம் காரியோடு சேர்த்து நுகத்தடி, பின்னால் எதுவும் இல்லாமல் சும்மா நடை. இங்கே காரிதான் வாத்தியார். பழகிய மாட்டின் மூச்சும் நடையும் பக்கத்தில் இருக்கும்போது மிரண்ட மாடு பாதி அமைதியாயிடும். அடுத்து ஒரு சின்னத் தென்னைக் கட்டையை இழுப்பது. இதை எங்க மணல் திடலில் வச்சுக்கிட்டேன். மணலில் கட்டை சத்தம் போடாது, மாடு ஓடினாலும் கால் அடிபடாது. அடுத்து பரம்பு. கடைசியில்தான் கலப்பை.

நான் செய்த தப்பு

வைகாசியில் கட்டை இழுக்கும் கட்டத்தில் இருந்தோம். எல்லாம் ஒழுங்காகப் போச்சு. எனக்கு அவசரம் வந்துட்டுது. காலை பழக்கம் முடிஞ்ச பிறகு, அன்றைக்கு இன்னொரு தடவையும் பூட்டினேன். வெயில் ஏறிடுச்சு, காத்தும் கிளம்பிடுச்சு. எங்கேயோ இருந்து ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்து மயிலையின் காலுக்கடியில் போச்சு. அது பாய்ந்த பாய்ச்சலில் கட்டை சுழன்று என் முழங்காலில் அடிச்சுது. வலியில் எனக்குக் கண் தெரியலை. கீழே கிடந்த தென்னை மட்டையை எடுத்து மூணு அடி போட்டேன்.

மயிலை ஓடலை. அப்படியே நின்னுது. கண்ணை மூடிக்கிட்டு, உடம்பு நடுங்க, நின்ன இடத்திலேயே மூத்திரம் போச்சு.

பெரியவர் வரப்பில் நின்று பார்த்துக்கிட்டிருந்தார். "நின்னுட்டான்னு நினைக்காதே தம்பி. உள்ளே போய்ட்டான்" என்றார். வேற ஒண்ணும் சொல்லலை.

அன்றைக்குச் சாயங்காலம் எங்க ஊர் யாழ்மூரிநாதர் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதை எங்க ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சம்பந்தர் பாடினதை யாழ்ப்பாணரால் யாழில் வாசிக்க முடியலை. அவமானத்தில் யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து அந்தக் கருவியைக் கையில் வாங்கிக்கிட்டார். ஆயிரம் தடவை கேட்ட கதை, அன்றைக்குத்தான் என்னைப் பற்றிய கதையாக இருந்தது. பாட்டு கருவிக்கு அடங்கலைன்னா அதில் கருவியின் குற்றம் என்ன? மயிலையால் அன்றைக்கு அவ்வளவுதான் முடியும். அதுக்கு மேல் கேட்டது நான்.

மறுநாள் கொட்டகைக்குள் போனேன். வட்டம் மறுபடி பன்னிரண்டு அடி ஆகியிருந்தது. மனைக்கட்டையை எடுத்துப் போட்டு, மறுபடி கயிறு திரிக்க உட்கார்ந்தேன். மூணு அடிக்கு மூணு வாரம் விலை கொடுத்தேன். அந்த மூணு வாரத்தில்தான் அடிமாட்டு வியாபாரி ரெண்டாம் தடவை வந்தார். மனைவி வாசலில் நின்று, "ஆவணி வரைக்கும் அவருக்குத் தவணை கொடுத்திருக்கேன், அப்புறம் வாங்க" என்று அனுப்பிட்டாள்.

ஏர் பூட்டிய நாள்

ஆவணியில் வாய்க்காலில் தண்ணி வந்தது. 3 ஏக்கருக்கு 24 சென்ட் நாற்றங்கால். மாப்பிள்ளைச் சம்பா விதையை ஊறவைத்துட்டுத்தான் பூட்டினேன். திரும்பிப் போக வழியில்லாமல்.

காலை ஆறு மணி. காரியை வலத்திலும் மயிலையை இடத்திலும் கட்டினோம். மயிலையின் முன்னால் என் தம்பி தலைக்கயிற்றைப் பிடிச்சான். நான் மேழியைப் பிடிச்சேன். கையில் குச்சி இல்லை. முதல் சால் பாதியில் மயிலை நின்னுது. காதைப் பின்னுக்குத் திருப்பிக்கிட்டு நின்னுது. பின்னால் இருக்கிற ஆள் என்ன பண்ணப்போறான் என்று கேட்குது. நான் ஒண்ணும் பண்ணலை. "நான்தான்டா" என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியலை, கொக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திடுச்சு. அப்புறம் காரி ஒரு அடி எடுத்து வச்சுது. மயிலையும் வச்சுது.

அன்றைக்கு ஐந்து சுற்றோடு அவிழ்த்துட்டேன். நல்லபடியாகச் செய்யும்போதே நிறுத்திடணும்; களைச்சு மறுக்கிற வரைக்கும் ஓட்டக் கூடாது. பழகிய ஜோடி ஒரு காலையில் முடிக்கிற வேலை எங்களுக்கு நாலு காலை ஆச்சு. ஆனால் தண்ணி வடியறதுக்குள்ளே விதைச்சிட்டோம். நடவு வயலில் 2 ஏக்கரை வாடகை டிராக்டரால்தான் உழுதேன், மறைக்கலை. மீதி 1 ஏக்கரை மயிலையும் காரியும் உழுது பரம்படிச்சாங்க. ஐப்பசி மழை கொட்டினப்போ பயிர் வேர் பிடிச்சுத் தலை தூக்கியிருந்தது.

மாடு உழாத அந்த ஆறு மாசமும் தீனி வீண் என்று சிலர் கணக்குப் பார்த்தாங்க. ஒரு ஏக்கர் ஜீவாமிர்தத்துக்கு 10 கிலோ சாணமும் 5 முதல் 10 லிட்டர் மூத்திரமும் போதும். மயிலை உழாமல் நின்றபோதும் அதைத் தினமும் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. பிடிகயிற்றை ஒருபோதும் கைமணிக்கட்டில் சுற்றாதீங்க. மாடு பாய்ந்தால் கை போயிடும்.

2. மாடு பின்னங்காலை முன்பக்கமாக வளைச்சும், பக்கவாட்டிலும் உதைக்கும். தோளை ஒட்டி நிற்பதே பத்திரம். நீங்க தப்பிச்சு வெளியேற ஒரு வழி எப்பவும் திறந்திருக்கணும். பழக்குற நேரத்தில் பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க.

3. ஒரு நாளைக்குக் கால் மணி நேரப் பழக்கம் ரெண்டு தடவை போதும். வெயில் ஏறுவதற்கு முன்னாலும் இறங்கிய பிறகும்.

4. ஒரே ஆள், ஒரே சொல், ஒரே வரிசை. ஆளுக்கு ஒரு சத்தம் கொடுத்தால் மாடு குழம்பும்.

5. சட்டத்தையும் தெரிஞ்சுக்கணும். வேலை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே வந்துட்டுது. ஆணி வைத்த குச்சியால் ஓட்டுவது குற்றம். ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது.

6. ஆளைத் தேடிவந்து முட்டுகிற மாடு வேற, பயந்து உதைக்கிற மாடு வேற. முதல் வகையைத் தனியாளாகத் தொடாதீங்க, அனுபவம் உள்ளவங்களோடு சேர்ந்து முடிவு பண்ணுங்க. நான் எழுதியது ரெண்டாவது வகைக்கு. ஒரு காலத்தில் நம்ம ஊர்களில் ஜட்கா வண்டி இழுத்த மட்டக்குதிரைக்கும் இதே பாடம் பொருந்தும். குதிரை நேர் பின்னால் உதைக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இப்போ மயிலை எப்படி இருக்கு? என் மகன் தண்ணி காட்ட ஓட்டிக்கிட்டுப் போறான். மனைவி கழுநீர் வாளியோடு வந்தால் தலையைத் தூக்கிக் குரல் கொடுக்குது. ஆனால் இடது பின்பக்கமாக யாராவது சத்தமில்லாமல் வந்தால் இன்னும் நடுங்கும். பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் இன்னும் நிக்கும். அது சாகிற வரைக்கும் போகாது என்று நினைக்கிறேன். அதனால் நாங்க குரல் கொடுத்துக்கிட்டே கிட்டே போறோம். வயலில் பை கிடந்தால் பொறுக்கிடுறோம்.

என்னை வரப்பிலிருந்து பார்த்துக்கிட்டிருந்த அந்தப் பெரியவர் மாதிரி மாடு பழக்கத் தெரிஞ்சவங்க உங்க ஊரிலும் ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க. அவங்களைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்க. கேட்டு எழுதி வச்சுக்கோங்க. புதுசாக மாடு வாங்கப் போகும்போது அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க. விலை குறைவாக இருந்தால், ஏன் என்று கேளுங்க. பதில் கிடைக்கலைன்னா வாலைத் தடவிப் பாருங்க, அது சொல்லும்.